த்ரிஷ்யம் 2: ராணி யாரிடம்தான் பேசுவாள்?

2021 பிப்ரவரியில் இந்தப் படம் பிரைம் வீடியோவில் வந்த அன்றே பார்த்துவிட்டு, கிளைமாக்ஸைப் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இந்த முறை கிளைமாக்ஸ் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் ஓடுகிற முதல் ஒரு மணி நேரம், "ஒண்ணுமே நடக்கலையே, இழுக்கிறாங்களே" என்று அப்போது பலரும் குறை சொன்ன அந்தப் பகுதி, மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்த விமர்சனம்.

கதை முழுவதையும் பேசப்போகிறேன், முடிவு உட்பட. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டரை மணி நேரம்தான். நம்மூர் பாபநாசம் பார்த்திருந்தால் போதும், நேராக இந்த இரண்டாம் பாகத்துக்குப் போய்விடலாம். 2013 டிசம்பரில் வந்த மலையாளப் படத்தை ஜீத்து ஜோசப்பே 2015-ல் தமிழில் எடுத்தார், கதை அதேதான். சுயம்புலிங்கம் அங்கே ஜார்ஜ்குட்டி, கமல் இடத்தில் மோகன்லால், கௌதமி இடத்தில் மீனா. இளைய மகளாக வந்த எஸ்தர் அனிலும், செத்துப்போன பையனின் அம்மாவாக, போலீஸ் அதிகாரியாக வந்த ஆஷா சரத்தும் இரண்டு மொழியிலும் அவர்களேதான். தமிழில் இரண்டாம் பாகம் வரவே இல்லை. தெலுங்கிலும் இந்தியிலும் கன்னடத்திலும் வந்தது, நமக்கு மட்டும் இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. நெல்லைத் தமிழில் அந்த அம்மா பேசுவதைக் கேட்க ஆசையாக இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட அனாதை, கேபிள் டிவி நடத்தி, சினிமா பார்த்துப் பார்த்தே உலகத்தைக் கற்றுக்கொண்டவர் ஜார்ஜ்குட்டி. இடுக்கி மாவட்டத்தில் ராஜாக்காடு பக்கம் மனைவி ராணி, இரண்டு மகள்களோடு குடியிருக்கிறார். பள்ளியில் படிக்கிற மூத்த மகள் அஞ்சு குளிப்பதை ரகசியமாக செல்போனில் படம் பிடித்துவிட்டு, அதை வைத்து மிரட்ட ராத்திரியில் வீட்டுக்கே வருகிறான் வருண். ஐ.ஜி. கீதா பிரபாகரின் ஒரே மகன். தாயும் மகளும் கெஞ்சுகிறார்கள், கைகலப்பாகிறது, போனை உடைக்க ஓங்கிய அடி அவன் தலையில் விழுகிறது, ஆள் காலி. அடித்தது ஒரு கணத்தில் நடந்த விஷயம், அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்து எடுத்த முடிவு அடுத்த நாள் காலையில் வந்தது: யாருக்கும் சொல்ல வேண்டாம், மறைத்துவிடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தடுத்த ஒரு பெண்ணுக்குத் தற்காப்பு என்று வாதாட அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அஞ்சு அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை வேறு. ஒரு நல்ல வக்கீல் கிடைத்து, ஸ்டேஷனில் உள்ளவர்கள் நேர்மையாக இருந்திருந்தால் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன். ஆனால் செத்தவனின் அம்மா ஐ.ஜி., அந்த ஊர் ஸ்டேஷனில் இருக்கிற கான்ஸ்டபிள் சகாதேவனோ லஞ்சத்துக்கும் அடிதடிக்கும் பேர்போனவன். அந்தக் குடும்பம் எந்த நம்பிக்கையில் அந்தப் படி ஏறும்? ஜார்ஜ்குட்டி எடுத்த முடிவு தப்பா சரியா என்று வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது. முதல் பாகத்தில் அந்த முடிவு ஜெயித்துவிட்டது. ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் தொடுபுழாவில் தியானத்துக்குப் போயிருந்தோம் என்று ஊரையே நம்பவைத்து, பிணத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த போலீஸ் ஸ்டேஷன் தரைக்கடியிலேயே புதைத்துவிட்டு, அவர் அதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது தியேட்டரில் நாம் எல்லோரும் கை தட்டினோம். சீனாவில் 2019-ல் எடுத்த மறு ஆக்கத்தில் அந்த அப்பா கடைசியில் சரணடைந்துவிடுவார். மலையாளத்தில் அவர் சரணடையவில்லை. அப்படிச் சரணடையாமல் போன வீட்டுக்குள் ஆறு வருஷம் கழித்து நுழைகிறது இரண்டாம் பாகம்.

நுழைந்ததும் கண்ணில் படுவது வசதி. ஜார்ஜ்குட்டி இப்போது சொந்தமாகத் தியேட்டர் வைத்திருக்கிறார், சினிமா தயாரிக்கப் போகிறேன் என்று ஒரு கதாசிரியரோடு உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் குடிக்கவும் பழகியிருக்கிறார். ராணிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. சின்னவள் அனு வெளியூரில் படிக்கிறாள், தோழிகளோடு லீவுக்கு வருகிறாள், அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள். முதல் பாகத்தில் போலீஸ் அடித்துக் கேட்டபோது கதறிய அதே குழந்தை எஸ்தர், நிஜத்திலேயே ஏழு வருஷம் வளர்ந்து வந்து நிற்கிறாள். அதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தது மாதிரி.

அஞ்சுதான் என்னை உலுக்கியவள். அவள் வளர்ந்திருக்கிறாள், ஆனால் அந்த ராத்திரியை விட்டு நகரவே இல்லை. போலீஸைக் கண்டாலே உடம்பு வெடவெடக்கிறது, வலிப்பு வருகிறது. தைரியமாக இரு, தைரியமாக இரு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். முதல் பாகத்தில் அந்தத் தைரியம் மூன்று நாலு நாள் விசாரணைக்குப் போதுமானதாக இருந்தது. அதை ஆறு வருஷத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதை வசனமாக யாரும் சொல்வதில்லை. அஞ்சுவாக வரும் அன்சிபா ஹசன் கையைப் பிசைவதிலும், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துவதிலும் அது தெரிகிறது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று வீட்டில் பேசுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எதைச் சொல்லிக் கட்டிக்கொடுப்பார்கள்? கட்டிக்கொண்டவனிடம் அவள் எதைச் சொல்வாள்?

அப்புறம் ஊர். முதல் பாகத்தில் சகாதேவனை அடிக்கப் பாய்ந்து இந்தக் குடும்பத்தின் பக்கம் நின்ற அதே ஊர்தான். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து வேறு கதை பேசுகிறது. அந்தப் பெண்தான் பையனைக் கூப்பிட்டிருப்பாள், அப்பன் பார்த்திருப்பான், போட்டுத் தள்ளியிருப்பான் என்று. கேபிள்காரனாக இருந்தவரை பாவப்பட்ட மனுஷன், தியேட்டர் கட்டியதும் கொலைகாரன். ஊர் வாயை இவ்வளவு சரியாகக் காட்டிய படம் சமீபத்தில் நான் பார்க்கவில்லை. அடுத்தவன் வீட்டில் ஒரு மாடி எழும்பினால் அவன் பழைய கதையெல்லாம் கூடவே எழும்பும்.

இவ்வளவுக்கும் நடுவில் ராணி. மீனாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் பதறுகிற மனைவி, அவ்வளவுதான். இதில் அவர் முழு ஆள். புருஷன் எந்நேரமும் சினிமா சினிமா என்று வெளியே, மூத்தவள் இருட்டைக் கண்டால் நடுங்குகிறாள், பிணம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, அந்த இடத்தை அவர் சொல்லவே இல்லை. அந்தத் தர்க்கம் போலீஸ் விசாரணைக்கு அருமையான தர்க்கம். ஒரு வீட்டுக்குள் அது விஷம். யாரிடம்தான் பேசுவாள் அவள்? கோயில் குளத்தில் சொல்ல முடியாது, பாவமன்னிப்புக் கூண்டில் சொல்ல முடியாது, சொந்த அம்மாவிடம் சொல்ல முடியாது, புருஷனிடம் ஆரம்பித்தால் அவர் பேச்சை மாற்றுகிறார்.

பக்கத்து வீட்டில் சரிதா என்று ஒரு பெண். புருஷன் சாபு குடித்துவிட்டு வந்து தினமும் அடிக்கிறான், அவள் ராணி வீட்டுக்கு ஓடி வருகிறாள், ராணி கதவைத் திறந்து ஆறுதல் சொல்கிறாள். அடி வாங்குகிறவள் என்பதாலேயே அவள் மேல் நம்பிக்கை வருகிறது. ஒரு ராத்திரி ஜார்ஜ்குட்டி ஊரில் இல்லாத நேரம், ராணி வாய் தவறி, அல்லது வாய் தவற வேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்து, சொல்லிவிடுகிறாள். என் மகள்தான், தெரியாமல் நடந்துவிட்டது என்று.

எனக்கு ஒரு அத்தை. மாமாவின் வியாபாரத்துக்காகத் தன் நகை மொத்தத்தையும் அடகு வைத்ததைப் பிறந்த வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நாலு வருஷம் கவரிங் போட்டுக்கொண்டே எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தார். எங்கள் பாட்டியிடம் சொல்லவில்லை, என் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே எதிர்வீட்டு அக்காவிடம், குடிவந்து மூன்று மாதம்கூட ஆகாத அக்காவிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஆய்ந்த கீரை எது, காம்பு எது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாராம். ராணி பேசுகிற காட்சி வந்ததும் அம்மா டிவியைப் பார்த்தபடியே "உங்க அத்தை மாதிரியே இருக்கா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

சரிதாவும் சாபுவும் வேஷம் கட்டி வந்த போலீஸ்காரர்கள் என்று படம் அடுத்து அவிழ்க்கிறது. முதல் முறை பார்த்தபோது அந்தக் குடிகாரச் சண்டைகள் டிவி சீரியல் மாதிரி இருக்கிறதே, ஜீத்து ஜோசப் கோட்டை விட்டுவிட்டாரே என்று நினைத்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் புரிந்தது, அந்தச் சண்டை செயற்கையாகத்தான் இருக்க வேண்டும், அவர்கள் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் கண்ணெதிரிலேயே வைத்திருந்திருக்கிறார். அந்த ட்விஸ்டைவிட, அதற்குப் பிறகு ராணியை நினைத்தால்தான் ஆற்றமாட்டாமல் வருகிறது. ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே தோழி அவளுடையவள் இல்லை.

இன்னொரு பக்கம் ஜோஸ். படம் ஆரம்பிப்பதே இவன் இருட்டில் ஓடுவதில்தான். மச்சானைக் கொன்றுவிட்டு போலீஸுக்குப் பயந்து ஒளிகிறான், ஒளிந்த இடத்திலிருந்து பாதி கட்டிய ஸ்டேஷனை விட்டு ஜார்ஜ்குட்டி வெளியே வருவதைப் பார்க்கிறான். அப்போது அவனுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தால் மனைவியும் பிள்ளையும் முகம் கொடுப்பதில்லை, பிழைக்க வழியில்லை, அப்போது ஊர் பேசுகிற வருண் கதை காதில் விழுகிறது. உடனே கணக்குப் போட்டுவிடுகிறான், தான் பார்த்ததற்கு விலை உண்டு என்று. ஜார்ஜ்குட்டி ஊர் முழுக்கக் கண்ணில் மண்ணைத் தூவியவர், கண்டக்டர், ஓட்டல்காரர், தியேட்டர் ஆபரேட்டர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய் அவர்கள் நினைவையே மாற்றியவர். தன்னைப் போலவே அந்த ராத்திரி ஒளிய இடம் தேடிய இன்னொருவன் இருப்பான் என்று எப்படி நினைத்திருக்க முடியும்? திரைக்கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டு கொலை, இரண்டு பேரின் தப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஆறு வருஷம் கழித்து வெடிக்கிறது.

ஸ்டேஷன் தரையை உடைக்கிறார்கள், எலும்புக்கூடு கிடைக்கிறது, குடும்பத்தைக் கூட்டிவந்து விசாரிக்கிறார்கள், அஞ்சு வலிப்பில் விழுகிறாள், ஜார்ஜ்குட்டி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியாக நிற்காது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி, ஆகவே எல்லாம் அந்த எலும்பில்தான் இருக்கிறது. அது வருணுடையது இல்லை என்று டிஎன்ஏ சோதனை சொல்கிறது. இங்கேதான் சாய்குமார் நடித்திருக்கிற அந்தக் கதாசிரியர் விநயச்சந்திரன், போலீஸ் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, ஜார்ஜ்குட்டி தன்னிடம் சினிமாவுக்கென்று சொன்ன கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். கல்லறை வெட்டுகிறவனோடு சிநேகம், அதே வயசில் செத்த இன்னொரு பையனின் எலும்பு, மருத்துவக் கல்லூரிக் காவலாளியோடு வருஷக்கணக்கில் குடித்துப் பழகியது, சோதனைக்கு வந்த எலும்பை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியது, எல்லாம். அந்தக் கதை ஏற்கெனவே நாவலாக வந்துவிட்டது, அதைப் படித்துத்தான் போலீஸ் வழக்கை ஜோடித்தது என்று வாதாட வசதியாக. சாய்குமார் குரலில் அந்தப் பத்து நிமிஷம் புல்லரிக்கும், இரண்டாம் தடவையும் புல்லரித்தது.

ஆனால் நம்ப முடிகிறதா என்று கேட்டால், முழுசாக முடியவில்லை. இத்தனை வருஷம் தேடிய வழக்கின் ஒரே தடயத்தை ஒரு ராத்திரி ஒரு காவலாளியை நம்பி விட்டுவிட்டுப் போவார்களா? அதுவும் முரளி கோபி செய்திருக்கிற தாமஸ் பாஸ்டின் மாதிரி நிதானமான, எதையும் இரண்டு தடவை யோசிக்கிற ஐ.ஜி. இருக்கும்போது? முதல் பாகத்தில் ஜார்ஜ்குட்டி செய்த ஒவ்வொன்றும் நானும் நீங்களும் செய்யக்கூடியது: பஸ் டிக்கெட், ஓட்டல் பில், சினிமா டிக்கெட். இதில் அவர் நம் கைக்கு எட்டாத ஆளாகிவிடுகிறார். கீதா பாத்திரத்துக்கும் நியாயம் செய்யவில்லை, முதல் பாகத்தில் அதிகாரிக்கும் அம்மாவுக்கும் நடுவில் கிழிந்த அந்தப் பெண் இதில் கோபம் மட்டும்தான். 2020-ன் கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவில், ஐம்பது நாளுக்குள் முடித்த படம் என்பதும் அங்கங்கே தெரிகிறது. வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் வெளிச்சம் தட்டையாக இருக்கிறது. அனில் ஜான்சனின் பின்னணி இசைதான் பல இடத்தில் தூக்கி நிறுத்துகிறது.

மோகன்லாலைப் பற்றி இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நடித்திருக்கிறார். சிரிக்கும்போதுகூட அவர் கண் வாசலிலேயே இருக்கிறது. யார் வந்தாலும், கூரியர்காரன் வந்தாலும், முதலில் ஒரு சின்ன இறுக்கம், அப்புறம்தான் முகம் மலர்கிறது. முதல் தடவை நான் இதைக் கவனிக்கவே இல்லை.

இந்தப் படத்தில் என்னால் மறக்க முடியாத மனிதர் பிரபாகர். வருணின் அப்பா, நடித்தவர் சித்திக். அவர் சண்டை போடுவதில்லை, மிரட்டுவதில்லை. மகனுக்குக் கடைசிக் காரியம் செய்ய எதையாவது கொடுங்கள் என்று ஜார்ஜ்குட்டியிடம் வந்து கேட்கிறார். மகன் செய்த அசிங்கம் அவருக்குத் தெரியும், ஆனாலும் மகன். கடைசியில், வழக்கு தோற்ற பிறகு, ஜார்ஜ்குட்டி சொல்லி அனுப்பிய ஆள் வந்து வருணின் சாம்பலை அவர் கையில் கொடுக்கிறான். எலும்பை மாற்றியது தப்பிக்க மட்டும் இல்லை, இதற்காகவும்தான். அந்தக் குடத்தை வாங்கும்போது சித்திக் முகத்தைப் பாருங்கள். வெறுப்பும் இல்லை, நன்றியும் இல்லை, கை மட்டும் கனத்தைத் தாங்கிக்கொள்கிறது. குற்றவாளி ஜெயிக்கிற படம் என்று திட்டுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் இந்தக் காட்சிதான். அந்தக் குடும்பம் எத்தனை பெரிய கடனைச் சுமக்கிறது என்று ஜார்ஜ்குட்டிக்குத் தெரியும். தூரத்தில் நின்று கீதாவையும் பிரபாகரையும் பார்த்துவிட்டு, எதிரில் வராமல் போகிறார்.

வாங்கலாமா, பார்க்கலாமா என்று கேட்டால்: பிரைமில் இருக்கிறது, மலையாளத்திலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். இந்தி ரீமேக் வேகமாக ஓடும், ஆனால் எனக்கு வேண்டியது இந்த மெதுவான ஒரு மணி நேரம். ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு, போனைத் தூர வைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களோடு உட்காருங்கள். தனியாகப் பார்த்தால் ட்விஸ்டுதான் மிஞ்சும். பக்கத்தில் அம்மாவோ மனைவியோ இருந்தால் ராணி தெரிவாள்.

எழுத்து ஓட ஆரம்பித்ததும் அம்மா எழுந்து விளக்கைப் போட்டார். சமையலறைப் பக்கம் போனவர் பாதியில் நின்று திரும்பி, "கேஸ்தான் முடிஞ்சிருச்சே, இனிமே அந்தப் பொண்ணுக்கு வலிப்பு நின்னுருமாடா?" என்று கேட்டார். நான் கிளைமாக்ஸ் வரைக்கும் ரீவைண்ட் பண்ணித் தேடினேன். அஞ்சு முகத்தைக் காட்டுகிற இடம் எதிலும் அதற்குப் பதில் இல்லை.